கெமரா நானாவுக்கு ஒரு பொன்னாடை

கெலிஓயாவில் பொன்னாடை போர்த்தப்படாத ஆளைத் தேடிப்பிடிப்பது இப்போது கஷ்டம். ஓய்வுபெற்ற அதிபர்கள், சமாதான நீதவான்கள், மேடை கிடைத்த கவிஞர்கள் என்று எல்லோருக்கும் போர்த்தி முடித்துவிட்டோம். அந்த விழாக்கள் அத்தனையிலும் மேடைக்கு முன்னால் குறுக்கே நின்று, சபையிலிருந்த ஒருவருக்கும் மேடை தெரியாமல் பார்த்துக்கொண்ட மனிதருக்கு மட்டும் இன்னும் போர்த்தவில்லை. ஊர் அவரைக் கெமரா நானா என்கிறது. பெயர் எதற்கு? ஊருக்கு ஒருவர் இருக்கிறார். நீங்கள் உங்கள் ஊர்க்காரரையே நினைத்துக்கொள்ளலாம்.

முதலில் அவருடைய அடக்கத்தைச் சொல்ல வேண்டும். "நான் சும்மா அமெச்சர்தானே" என்பார். காசு வாங்க மாட்டார். வாங்கினால் அல்பம் கொடுக்க வேண்டும், சொன்ன திகதிக்குக் கொடுக்க வேண்டும், மணமகள் கண்ணை மூடியிருந்தால் பதில் சொல்ல வேண்டும். இந்த இழிவுகளிலிருந்தெல்லாம் கலையைக் காப்பாற்றி வைத்திருக்கிறார். கலியாண வீட்டில் கூலிக்கு வந்த ஸ்டூடியோப் பையன் இரண்டு குடும்பத்தையும் வரிசையில் நிறுத்தி வியர்த்துக்கொண்டிருக்கும்போது, நானா ஒரு சோற்றுச் சஹனைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்களின் விரல்களை மட்டும் எடுப்பார். முகம் ஒன்றும் வராது. விரலில்தான் வாழ்க்கை இருக்கிறதாம். மாப்பிள்ளையின் உம்மா தன்னுடைய படம் எங்கே என்று கேட்டபோது, ஒரு கையைக் காட்டி, "இந்தா, இது நீங்கதான்" என்றார். மோதிரத்தை வைத்து அந்த அம்மாவும் தன்னை அடையாளம் கண்டு சந்தோஷப்பட்டார்.

ஊரின் அன்றாட வாழ்க்கைக்கு அவர் செய்திருக்கும் சேவை சின்னதல்ல. காலையில் பாட்டுப் போட்டுக்கொண்டு வரும் பாண் ஓட்டோவை வெளிச்சம் சரியான கோணத்தில் விழும்வரை மறித்து நிறுத்துவார். பாண் ஆறும், தெரு காத்திருக்கும். ஆறிய பாண்தான் வயிற்றுக்கு நல்லதாம். மழைக்காலத்தில் ஓட்டோ ஒன்று கானில் இறங்கிவிட்டால், தள்ளுவதற்கு நாலு பேர் ஓடுவார்கள். நானா ஓட மாட்டார். அவர் கை நனைந்தால் வரலாறு நனைந்துவிடும். தள்ள வந்தவர்களில் ஒருவரைக் கூப்பிட்டுக் கெமராவுக்குக் குடை பிடிக்கச் சொல்வார். நாலு பேர் தள்ளுவது மூன்று பேர் தள்ளுவதானாலும், படத்தில் முயற்சி இன்னும் நன்றாகத் தெரியும்.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தது. கண்டி மாவட்டத்தில் மலைகள் சரிந்து வீடுகளை மூடின, மகாவலி கரை மீறியது, கம்பளைப் பக்கம் கடைகளும் வீடுகளும் சேறாயின. பள்ளிவாசலிலும் பன்சலையிலும் கோயிலிலும் சனம் சோறு சமைத்துப் பார்சல் கட்டியது. அந்தத் துயரத்தில் பங்கெடுக்காமல் நானாவால் வீட்டில் இருக்க முடியுமா? முழங்காலளவு சேற்றில் இறங்கினார். வர்ணத்தில் எடுத்தால் சேறு சேறாகவே தெரிகிறது, கறுப்பு வெள்ளையில்தான் அதற்கு ஒரு கம்பீரம் வருகிறது என்று கண்டுபிடித்தவர் அவர். பார்சலை வாங்கிக்கொண்டு திரும்பிய ஒரு முதியவரிடம், "வாப்பா, இன்னொரு தரம் கையை நீட்டுங்கோ" என்றார். முதியவரும் நீட்டினார். இரண்டு தரம் வாங்கியவர் கையில் ஒரு பார்சல்தான் இருந்தது என்பதைப் படத்தில் யாரும் எண்ண மாட்டார்கள்.

பயணம் என்று வந்தால் அவருடைய தியாகம் இன்னும் பெரிது. கொழும்பிலிருந்து பதுளைக்குப் போகும் உடரட்ட மெனிக்கே ரயிலின் பாதை பேராதனை தாண்டி எங்கள் ஊர்த் தண்டவாளம்தான். வீட்டு வாசலில் ஓடும் ரயிலை எடுப்பதில் என்ன பெருமை? அதே ரயிலை எடுக்க எல்லவுக்குப் போய், 1921இல் திறந்த ஒன்பது வளைவுப் பாலத்தின் மேல், ஆயிரம் பேர் ஏற்கனவே நின்ற அதே திட்டில் அவரும் நிற்பார். அந்தப் படம் எல்லோருடைய படத்தைப் போலவே இருக்கும். போட்டிக்கு ஆசைப்படாத மனிதர் என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்?

வழியில் தேயிலைத் தோட்டம் கண்டால் இறங்கிவிடுவார். கொழுந்து பறிக்கும் பெண்கள் இப்போது பல இடங்களில் சாக்கைத்தான் முதுகில் கட்டுகிறார்கள். அது அவருக்குப் பெரிய வேதனை. "தங்கச்சி, கூடை இல்லையா?" என்று கேட்பார். கூடை கொண்டுவரச் செய்து, சிரிக்கச் சொல்லி, பொட்டைச் சரிசெய்யச் சொல்லி எடுப்பார். ஒரு நாள் சம்பளம் ஆயிரம் ரூபாவாக வேண்டும் என்று அவர்கள் வருஷக்கணக்கில் போராடி, 2021இல்தான் அது கிடைத்தது. 2024இல் அடிப்படைச் சம்பளம் 1350 ஆனது. அந்தச் சம்பளமும் நிறுவையைப் பார்த்துத்தான். அவர்களுடைய கால் மணி நேரத்தை அவர் கலைக்கு வாங்கித் தருகிறார், அதுவும் இலவசமாக. அவர்கள் குடியிருக்கும் லயத்துப் பக்கம் போக மாட்டார். ஒழுகும் தகரமும் பொதுக் கக்கூசும் சட்டகத்துக்குள் வந்தால் பச்சையின் அமைதி கெட்டுவிடும்.

அந்தப் பெண்களின் பெயரை அவர் ஒருநாளும் கேட்டதில்லை. இதைக் குறை என்று நினைப்பவர்களுக்குச் சரித்திரம் தெரியாது. ஜூலியா மார்கரெட் கெமரன் என்ற அம்மையாருக்கு 48 வயதில் மகள் ஒரு கெமராவைப் பரிசாகக் கொடுத்தாள். அவர் உலகப் புகழ் பெற்றார். கோல்புறூக்–கெமரன் ஆணைக்குழு என்று பாடசாலையில் மனப்பாடம் செய்தோமே, அந்தக் கெமரன்தான் கணவர். அம்மையார் 1875இல் இலங்கைக்கு வந்து களுத்துறையில் இருந்தபோது தோட்டத் தொழிலாளிகளைப் படம் எடுத்தார்; 1879இல் இங்கேயே இறந்து பொகவந்தலாவையில் அடக்கமானார். இங்கிலாந்தில் அவர் எடுத்த படங்களில் வீட்டு வேலைக்காரி மேரி ஹில்லியருக்குக்கூடப் பெயர் இருக்கிறது. இங்கே எடுத்தவர்களுக்குப் பெரும்பாலும் பெயரில்லை. 1870களில் கண்டியிலேயே ஸ்டூடியோ வைத்திருந்த சார்ள்ஸ் ஸ்கோவனின் படங்களிலும் அப்படித்தான். வெள்ளைக்காரர் போட்ட றோட்டையும் பாலத்தையும் நாம் பேணவில்லை. இந்த ஒரு வழக்கத்தையாவது ஒற்றை ஆளாகப் பேணிவரும் நானாவை என்ன சொல்லிப் புகழ்வது!

பக்கத்தூர்ப் புராதனங்களிலும் அவருக்குப் பக்தி அதிகம். எம்பெக்கே தேவாலயத்து மரத்தூண்களில் செதுக்கிய மல்லரையும் அன்னத்தையும் கலியாணச் சோடிகளுக்குப் பின்னால் மங்கலாக வைத்து எடுப்பார். மங்கலாக்குவதற்கென்றே விலையுயர்ந்த லென்ஸ் வாங்கியிருக்கிறார். லங்காதிலக விகாரைக்கும் அடிக்கடி போவார். 1344இல், நாலாம் புவனேகபாகு காலத்தில், ஸ்தபதி இராயர் என்ற சிற்பி கட்டியது அது. அதன் பாறையில் சிங்களக் கல்வெட்டோடு தமிழ்க் கல்வெட்டும் இருக்கிறது. எழுநூறு வருஷத்துக்குக் கிட்ட அந்த எழுத்து மழையில் நிற்கிறது. இந்த நாட்டில் அதைப் படம் பிடிக்க ஆசைப்படாத தமிழ் வாசகன் இருப்பானா? நானா ஆசையை அடக்கியவர். அந்தப் பாறையில் ஏறி நின்றுதான் விகாரைக்குப் பின்னால் இறங்கும் சூரியனை எடுக்கிறார். நிற்க வசதியான இடம் என்கிறார்.

இத்தனை வருஷத்துப் படங்களும் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் பத்திரமாக இருக்கின்றன. யாரும் பார்த்ததில்லை என்பதால் யாரும் குறை சொன்னதுமில்லை. ஊரில் ஒருவர் மௌத்தாகிவிட்டால், அவருடைய கடைசிப் பெருநாள் படம் கேட்டுப் பிள்ளைகள் வருவார்கள். "இருக்கு, தேடணும்" என்பார். தேடிக்கொண்டுதான் இருக்கிறார்.

ஆகவே கெலிஓயா மக்களே, பொன்னாடைக்குப் பணம் சேர்க்கிறோம், முடிந்ததைத் தாருங்கள். விழா நடக்கும்வரை அவருக்கு ஒத்தாசையாகவும் இருங்கள். கெமராவைத் தூக்கினால் நகராதீர்கள். முகத்தில் கொஞ்சம் கவலை இருந்தால் மிகவும் நல்லது. பிரதி கேட்டு அவரைச் சங்கடத்தில் விடாதீர்கள். அடையாள அட்டைக்குப் படம் வேண்டுமென்றால், பதிவுசெய்த ஸ்டூடியோ ஒன்றுக்குப் போய்க் காசு கொடுத்து எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே உங்கள் பெயரையும் கேட்பார்கள்.