விற்றாயிற்று; இனி சம்மதம் கேட்கலாம்

போர்ச்சுகலின் வடக்கே பொட்டிக்காஸ் வட்டாரத்தில் கோவாஸ் டோ பரோசோ என்று ஒரு மலைக்கிராமம். நீண்ட கொம்புள்ள பரோசா மாடுகள், சின்னச் சின்ன வயல்கள், ஊரே கூடி நிர்வகிக்கும் பொதுநிலங்கள், ஓடைகள். இந்த வட்டாரத்தின் வேளாண் முறையை 2018இல் ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு உலக வேளாண் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. போர்ச்சுகலிலிருந்து அந்தப் பட்டியலில் ஏறிய முதல் இடம் அதுதான். பாவம், அவசரப்பட்டுவிட்டார்கள். மண்ணுக்குள் லித்தியம் கிடக்கும் ஊரில், மண்ணுக்கு மேலே இருப்பதற்கு யாராவது சான்றிதழ் கொடுப்பார்களா?

லண்டன் பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட சவன்னா நிறுவனம் அங்கே திறந்தவெளிச் சுரங்கம் தோண்டப்போகிறது. ஆண்டுக்குச் சுமார் ஐந்து லட்சம் மின்கார்களுக்கு வேண்டிய லித்தியம் கிடைக்கும் என்பது நிறுவனத்தின் கணக்கு. பெர்லின்காரர் புகையில்லாமல் கார் ஓட்ட வேண்டும். அதற்காகப் பரோசோக்காரர் வெடிச்சத்தத்தில் தூங்கப் பழக வேண்டும். கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைக்கும் பக்தி இதுதான்.

சுரங்கத் தொழிலில் ஒரு சாஸ்திரம் உண்டு. குழி வெட்டுவதற்கு முன்பே சரக்கை வாங்க ஆள் பிடிக்க வேண்டும். கொள்முதல் ஒப்பந்தத்தைக் காட்டினால்தான் வங்கி கடன் தரும். கடன் கிடைக்கும் என்று தெரிந்தால்தான் முதலீட்டாளர் வருவார். ஆகவே 2021 ஜனவரியில் போர்ச்சுகலின் எண்ணெய் நிறுவனமான கால்ப் வந்தது. திட்டத்தில் 10 சதவீதப் பங்கு, விளைச்சலில் பாதி என்று பேச்சு. சுற்றுச்சூழல் அனுமதி வராத காலம் அது. சில மாதங்களிலேயே பேச்சு முறிந்தது; கால்ப் நடையைக் கட்டியது.

அனுமதி 2023 மே மாதம்தான் வந்தது, அதுவும் நிபந்தனைகளோடு. அடுத்த ஆண்டு ஜூனில் நெதர்லாந்தின் ஏ.எம்.ஜி. நிறுவனம் வந்தது. 1 கோடியே 60 லட்சம் பவுண்டு கொடுத்துச் சவன்னாவில் சுமார் 16 சதவீதப் பங்கு வாங்கியது; ஆண்டுக்கு 45,000 டன் கனிமச் செறிவு, ஐந்தாண்டுக்கு, என்று பேசிக்கொண்டது. ஜெர்மனியின் பிட்டர்ஃபெல்டில் அதன் சுத்திகரிப்பு ஆலையும் திறந்தாயிற்று. வாங்க ஆள் தயார், காய்ச்ச உலை தயார், டன் கணக்கும் தயார். நிலம்? அது கிடக்கிறது, அற்ப விஷயம்.

அந்த அற்ப விஷயத்தில்தான் கிராமத்துப் பிடிவாதக்காரர்கள் குறுக்கே நின்றார்கள். சிலர் நிலத்தை விற்றார்கள், பலர் மறுத்தார்கள். சந்தையின் மகிமையைப் பேசும் நாட்டில், விற்கமாட்டேன் என்பதும் சந்தையில் ஒரு பதில்தான் என்று அவர்கள் அப்பாவித்தனமாக நம்பினார்கள். 2024 டிசம்பரில் அரசு அந்த நம்பிக்கையைத் தீர்த்துவைத்தது. உரிமையாளர் ஒப்பாவிட்டாலும் ஓராண்டுக்கு அவர் நிலத்தில் நுழைந்து துளையிடலாம் என்று நிறுவனத்துக்கு அனுமதி எழுதிக்கொடுத்தது. ஊர்க்காரர்கள் நீதிமன்றம் போனார்கள். 2025 பிப்ரவரியில் வேலை நின்றது. உடனே அமைச்சகம் பொதுநலன் என்ற ஒற்றைச் சொல்லோடு வந்து நின்றது. துளையிடும் இயந்திரங்கள் மறுபடி உறுமின. தன் பொதுநிலத்தைத் தலைமுறைகளாகக் காத்த ஊர், பொதுநலனுக்கு விரோதி ஆகிவிட்டது!

பிரஸ்ஸல்ஸ் சும்மா இருக்குமா? 2030க்குள் தன் முக்கியக் கனிமத் தேவையில் 10 சதவீதத்தைத் தன் மண்ணிலேயே தோண்ட வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் சட்டம் போட்டிருக்கிறது. 2025 மார்ச்சில் வெளியான 47 முக்கியத் திட்டங்களின் பட்டியலில் பரோசோவும் ஏறிற்று. அப்படி ஏறிய சுரங்கத்துக்கு 27 மாதத்துக்குள் அனுமதிகள் முடிய வேண்டும். கம்பெனிக்குக் காலக்கெடுவே சட்டமாகக் கிடைத்தது. ஊருக்கு என்ன கிடைத்தது? கருத்துக்கேட்புக் கூட்டம்.

இன்னொரு ருசிகரமும் உண்டு. லித்தியச் சுரங்க உரிமங்களும் ஹைட்ரஜன் திட்டமும் வழங்கப்பட்ட விதம் பற்றிய விசாரணையில் பெயர் அடிபட்டதும், 2023 நவம்பரில் போர்ச்சுகல் பிரதமர் அன்டோனியோ கோஸ்டா பதவி விலகினார். தவறு செய்யவில்லை என்றார். அவர் மீது குற்றம் சாட்டப்படவும் இல்லை. ஓராண்டு கழித்து அவர் ஐரோப்பியக் கவுன்சிலின் தலைவர். நாற்காலியை விட்டவருக்கு அதைவிடப் பெரிய நாற்காலி. வயலை விடமாட்டேன் என்றவருக்குத் துளையிடும் இயந்திரம்.

மின்கார் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. புவி சூடாவது பொய்யென்றும் பரோசோ சொல்லவில்லை. எங்களைக் கேட்டீர்களா என்றுதான் கேட்கிறது. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல், அதன் மேல் பசுமை என்று பெயின்ட் அடிக்கிறார்கள். கூட்டாளி கையெழுத்து, வாங்குபவர் கையெழுத்து, அமைச்சர் கையெழுத்து எல்லாம் கோப்பில் இருக்கின்றன. விற்க மறுத்த நிலத்துக்காரர் கையெழுத்து மட்டும் இல்லை. இதைக் கூட்டாண்மை என்று அழைக்க மனம் கூசுகிறது. கேட்காமல் எடுப்பது கொள்ளை. பேட்டரியில் ஓடினாலும் கொள்ளை கொள்ளைதான்.