மூணு பூட்டு விலை

திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2019-இல். அதே ஆண்டுதான் பழனி பஞ்சாமிர்தத்துக்கும் கிடைத்தது. பஞ்சாமிர்தம் வாங்கியவர் தீர்ந்ததும் மறுபடி வருவார். நம்மூர்ப் பூட்டை வாங்கியவரோ பேரன் காலம்வரை கடைப்பக்கம் எட்டிப் பார்க்க மாட்டார். உழைக்கிற பொருளைச் செய்கிறவனுக்கு இதைவிடப் பெரிய நஷ்டம் உண்டா?

கைவினைக் கண்காட்சி ஒன்றில் மாங்காய்ப் பூட்டு விற்ற பெரியவரின் கடையில் கூட்டத்துக்குக் குறைவில்லை. தகடு வெட்டி, லீவர் அடுக்கி, சாவிப் பல்லை அரத்தால் ராவி ராவிச் செய்த சரக்கு. ஒரு தம்பி கையில் எடுத்து எடை பார்த்தார். சாவியைத் திருப்பினார். அந்த ‘டக்’ சத்தத்துக்காகவே இன்னும் நாலு தரம் திருப்பினார். செல்ஃபியும் ஆயிற்று.

“ஏன்ணே, இந்த விலைக்கு ஆன்லைன்ல மூணு பூட்டு வருதே?”

“வாங்கிக்கங்க தம்பி. மூணையும் ஒரே சாவியில தொறந்துக்கலாம்.”

தம்பி பக்கத்துக் கடையில் மிளகாய் பஜ்ஜி வாங்கப் போனார். அங்கே பேரமே பேசவில்லை.

அலிகாரின் இயந்திரப் பூட்டோடு மல்லுக்கட்டியே இங்கே பட்டறைகள் தேய்ந்துவிட்டன. போதாததற்கு, கண்காட்சிக் கூடத்தின் ஷட்டரில் தொங்கியது ஒரு நம்பர் பூட்டு. இரண்டாம் நாள் காலையில் நம்பர் யாருக்கும் ஞாபகமில்லை. திறந்துகொடுத்தவர் அந்தப் பெரியவர்தான். கூலியாக ஒரு டீ வாங்கிக் கொடுத்தார்கள்.