சும்மா இருக்கவும் வசதி வேண்டும்!

இந்தியாவில் வேலையில்லாதவர்கள் 3.2 சதவீதம்தானாமே? எங்கள் தெருவிலேயே அதைவிட அதிகம் தேறுமே!
*– வாசகர், கோவில்பட்டி*

உங்கள் தெருவும் பொய் சொல்லவில்லை, கணக்கும் பொய் சொல்லவில்லை. 2023-24ஆம் ஆண்டின் காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பு சொன்ன எண் அது. 15 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் வேலையில் இருப்பவர்களையும் வேலை தேடுபவர்களையும் கூட்டி, அந்தக் கூட்டத்தில் தேடுபவர்கள் எத்தனை பேர் என்று பார்க்கிறார்கள். ‘இனி வேலையே வேண்டாம்’ என்று ஒதுங்கிவிட்டவர் கூட்டத்திலேயே சேர்த்தி இல்லை. மறுபக்கம், நூறு நாள் வேலைத் திட்டத்தில் வருடத்துக்கு 30 நாள் போயிருந்தாலும் போதும், அவர் வேலையுள்ளவர். மீதி 335 நாளைப் பற்றி இந்த எண் வாய் திறக்காது.

2017-18இல் 6 சதவீதம், 2023-24இல் கிட்டத்தட்டப் பாதி. பாராட்டக் கூடாதா?
*– வாசகர், தஞ்சாவூர்*

தாராளமாக. கொஞ்சம் உள்ளே புகுந்து பார்த்துவிட்டுப் பாராட்டுங்கள். ஊரடங்கு போட்டு நாடே கதவடைத்த ஆண்டுகளிலும் இந்த எண் குறைந்துகொண்டேதான் வந்தது! நகரத்தில் வேலை போனவர்கள் மூட்டை முடிச்சோடு ஊர் திரும்பி, அண்ணன் தம்பியோடு வயலில் இறங்கினார்கள். கணக்குப்படி அவர்களுக்கு வேலை கிடைத்துவிட்டது. விளைச்சல் பழையதுதான், பங்குக்குத்தான் ஆள் கூடிவிட்டது. வேலை செய்பவர்களில் விவசாயத்தில் இருப்போரின் பங்கு 2018-19இல் 42.5 சதவீதம், 2023-24இல் 46.1 சதவீதம். வளரும் பொருளாதாரம் ஏரை விட்டு ஆலைக்குப் போகும் என்பார்கள். நாம் திரும்பி நடந்திருக்கிறோம்.

படிக்காதவனுக்கு வேலை இருக்கிறது, பட்டதாரிக்கு இல்லை. அப்படியானால் எதற்குப் படிக்க வேண்டும்?
*– பட்டதாரி, திண்டுக்கல்*

சர்வதேச தொழிலாளர் அமைப்பு 2024இல் வெளியிட்ட அறிக்கையும் உங்கள் கட்சிதான். 2022 நிலவரப்படி, இளைஞர்களில் எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடையே வேலையின்மை 3.4 சதவீதம், பட்டதாரிகளிடையே 29.1 சதவீதம். ஆனால் கைநாட்டுக்காரருக்கு நல்ல வேலை காத்திருக்கிறது என்று இதற்கு அர்த்தம் இல்லை. அவர் இன்று சித்தாள் வேலைக்குப் போகாவிட்டால் இரவு அடுப்பு எரியாது. கிடைத்ததைச் செய்கிறார். பட்டதாரிக்குச் சோறு போட அப்பாவின் சம்பளமோ அம்மாவின் நகையோ இருக்கிறது, அதனால் காத்திருக்கிறார். நம் நாட்டில் வேலையில்லாமல் இருப்பதற்கும் வசதி வேண்டும்.

அரசு வேலைக்குக் குரூப் 4 தேர்வு எழுதலாமா?
*– வாசகி, விருதுநகர்*

2022இல் 7,301 இடங்களுக்குச் சுமார் 22 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள். ஓர் இடத்துக்கு 300 பேர். எழுதுங்கள்; கூடவே வேறொரு வேலையும் தேடுங்கள்.

2023-24இல் கேரளாவில் இளைஞர் வேலையின்மை 29.9 சதவீதம், மத்தியப் பிரதேசத்தில் 2.6 சதவீதம். எது முன்னேறிய மாநிலம்?
*– வாசகர், நாகர்கோவில்*

2.6 சதவீதத்தைப் பார்த்துப் போபாலுக்கு ரயில் ஏறிய மலையாளியைக் காட்டுங்கள், பதில் சொல்கிறேன்! கேரளத்து இளம்பெண்களிடையே அது 47.1 சதவீதம். அவர்கள் படித்துவிட்டு, படிப்புக்கேற்ற வேலை கேட்கிறார்கள். கேட்பவர்தான் கணக்கில் ‘வேலையில்லாதவர்’. கேட்காமலே களை பறிக்கப் போகிற பெண் அந்தப் பட்டியலில் வரமாட்டாள்.

பெண்கள் அதிகமாக வேலைக்கு வருகிறார்கள் என்பதாவது உண்மையா?
*– வாசகி, ஈரோடு*

உண்மை. 2017-18இல் 23.3 சதவீதமாக இருந்த பெண்களின் பங்கேற்பு 2023-24இல் 41.7 ஆகியிருக்கிறது. எங்கே வந்தார்கள் என்பதுதான் விஷயம். வேலை செய்யும் பெண்களில் மூன்றில் ஒருவருக்கும் மேல் குடும்பத் தொழிலில் சம்பளமில்லாத உதவியாளர்கள். கணவர் கடை, மாமனார் வயல், வீட்டு மாடு. வேலை உண்டு, கூலி கிடையாது, ஞாயிற்றுக்கிழமையும் கிடையாது.

வேலை கிடைப்பதில் சாதி, மதம் எல்லாம் இந்தக் காலத்திலும் பார்க்கிறார்களா?
*– வாசகர், மதுரை*

ஆய்வாளர்கள் சுகதேவ் தோரட்டும் பால் அட்டுவெல்லும் சோதித்தே பார்த்தார்கள். தனியார் நிறுவனங்களின் பத்திரிகை விளம்பரங்களுக்கு, ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களைப் பெயரை மட்டும் மாற்றி அனுப்பினார்கள். உயர்சாதிப் பெயருக்கு அழைப்பு அதிகம் வந்தது. தலித் பெயருக்குக் குறைவு. முஸ்லிம் பெயருக்கு அதைவிடக் குறைவு. 2007இல் வெளியான ஆய்வு அது. நேர்முகத் தேர்வுக்கு முன்பே பெயர் போய்த் தேர்வு எழுதிவிடுகிறது.

அப்படியானால் எந்த எண்ணைத்தான் நம்புவது?
*– வாசகர், சேலம்*

மாதச் சம்பளக்காரர்கள் எத்தனை பேர் என்று பாருங்கள். 2017-18இல் உழைப்பவர்களில் 22.8 சதவீதம், 2023-24இல் 21.7 சதவீதம். வேலையின்மை பாதியான அதே ஆண்டுகளில் இது ஒரு படிகூட ஏறவில்லை. சொந்தத் தொழில் செய்பவர்கள்தான் 52இலிருந்து 58 சதவீதமாகக் கூடியிருக்கிறார்கள். அதில் ஆலை முதலாளியும் அடக்கம், தள்ளுவண்டிக்காரரும் அடக்கம்.

பி.இ. முடித்த மகன் எங்கள் மளிகைக் கடையில் உட்கார்ந்திருக்கிறான். ‘பையன் என்ன பண்றான்?’ என்று உறவினர்கள் கேட்டால் என்ன சொல்ல?
*– ஒரு தகப்பனார், கும்பகோணம்*

‘வேலையில் இருக்கிறான்’ என்று தைரியமாகச் சொல்லுங்கள், மத்திய அரசின் கணக்கே உங்களுக்குச் சாட்சி. சம்பளம் எவ்வளவு என்று கேட்டால் மட்டும், காபி சாப்பிடுகிறீர்களா என்று கேட்டுவிடுங்கள்.