இது ரூம் கணக்குல வராது

தெருவுக்கு ஒருவராவது இப்படி இருக்கிறார். வயது அறுபதைத் தாண்டியிருக்கும். பணிக்கொடையில் பெரும்பகுதி பெண் கல்யாணத்திலும் பையன் படிப்பிலும் கரைந்திருக்கும். மிச்சம் ஒரு வைப்புநிதி ரசீதாகப் பீரோவில் புடவைக்கு அடியில் கிடக்கும். அது முதிர்கிற மாதத்தில் மனிதர் திடீரென்று இஞ்ச் டேப்பும் கையுமாகக் கொல்லைப்பக்கம் நடமாட ஆரம்பிப்பார். துணி காயப்போடும் இடத்தில் பத்துக்குப் பன்னிரண்டில் ஓர் அறை இழுத்துக்கட்ட வேண்டும்.

"பேரன் வந்தா படுக்க இடம் வேணாமா?" என்பார். பேரன் வருடத்துக்கு நாலு நாள் வருவான். அந்த நாலு நாளும் பாட்டி பக்கத்தில்தான் படுப்பான்.

செலவு எவ்வளவு ஆகும் என்று கணக்குப் போட்டு, அதற்குக் கையிலுள்ள பணம் போதுமா என்று பார்ப்பது உலக வழக்கம். நம்மவர் வழி வேறு. வைப்புநிதி இரண்டு லட்சம். எனவே அறையும் இரண்டு லட்சம். விடை தெரிந்துவிட்டது, இனி கணக்கைத்தான் கண்டுபிடிக்க வேண்டும். இஞ்சினீயர் சதுர அடிக்கு 2400 ரூபாய் சொல்கிறார், அது சரிப்படாது. இன்னொருவர் 2200-க்கு இறங்கி வருகிறார், அதுவும் சரிப்படாது. அப்போதுதான், மச்சினர் 2014-ல் வீடு கட்டியபோது 1650 ஆயிற்று என்று சொன்னது ஞாபகம் வருகிறது. 120-ஐ 1650-ஆல் பெருக்கினால் 1,98,000. மீதி இரண்டாயிரம் 'இதர செலவுகள்'. வங்கி கொடுத்த பழைய டைரியில் இதை எழுதி, அடியில் இரண்டு கோடு இழுத்து, பேனாவை மூடிவிட்டார்.

அந்த 120-லேயே வில்லங்கம் இருந்தது. அவர் அளந்தது சுவருக்கு உள்ளே. கட்டுகிறவர்கள் அளப்பதோ சுவருக்கு வெளியே. ஒரு பக்கம் பழைய வீட்டுச் சுவர் இருக்கிறது, மற்ற மூன்று பக்கமும் ஒன்பது இஞ்சுச் சுவர் எழும்ப வேண்டும். பத்து பத்தேமுக்கால் ஆகிறது, பன்னிரண்டு பதிமூன்றரை ஆகிறது, 120 சதுர அடி 145 ஆகிவிடுகிறது.

"சுவர் நிக்கிற இடத்துக்கும் காசா சார்? அங்க யாரும் படுக்கப் போறதில்லையே?"

இஞ்சினீயர் அதற்குப் பிறகு போனை எடுக்கவில்லை. பிளான் அப்ரூவல் பற்றி அவர் ஆரம்பித்ததும் இதோடு நின்றுபோயிற்று. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் என்று 2019-ல் ஒன்று வந்திருக்கிறது, மதில் சுவருக்கும் வீட்டுக்கும் நடுவே இவ்வளவு இடம் விட வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கிறது என்று அவர் சொன்னதை நம்மவர், "நம்ம கொல்லை, நம்ம ரூம்" என்று இடைமறித்திருந்தார்.

கஞ்சத்தனம் என்று இதைச் சொல்லிவிட முடியாது. தெரிந்த விஷயத்தில் மனிதர் அசாத்தியமாக உழைப்பார். செங்கல் விஷயத்தில் அவரை ஏமாற்றச் சூளைக்காரர் இனிமேல்தான் பிறந்து வர வேண்டும். இரண்டு கல்லை எடுத்து ஒன்றோடொன்று தட்டி, காதருகே வைத்துக் கணீரென்று கேட்கிறதா என்று பார்ப்பார். நகத்தால் கீறுவார். இடுப்பு உயரத்துக்குத் தூக்கிக் கீழே போடுவார். சூளைக்காரர் முகம் கல்லுக்கு முன்னால் உடையும். பிறகு மாதிரிக்கு ஒரு கல்லைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து, மளிகைக்கடைத் தராசில் எடை பார்த்து, குளியலறை வாளியில் முழுகப் போட்டுவிடுவார். இருபத்துநாலு மணி நேரம் ஊறினால் தன் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் தண்ணீர் குடிக்கக்கூடாது. மூன்று கிலோ கல் மூன்று கிலோ அறுநூறைத் தாண்டினால் தள்ளுபடி. அதுவரை வீட்டில் யாரும் குளிக்க முடியாது.

கம்பிக்கும் அவரிடம் சூத்திரம் உண்டு. மில்லிமீட்டரில் விட்டத்தை அதாலேயே பெருக்கி 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டர் கம்பி எத்தனை கிலோ என்று வந்துவிடும். எட்டு எம்எம் கம்பி என்றால் 395 கிராம். கடைக்காரர் பில் போடுவதற்குள் இவர் மனக்கணக்கில் சொல்லிவிடுவார். சிமென்ட்டுக்கு 28 சதவீதமாக இருந்த ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 18 ஆகிறது என்று செய்தி வந்ததும், அதுவரை ஒரு மூட்டைகூட எடுக்காமல் காத்திருந்தார். மிச்சமாகப்போகும் தொகையையும் எழுதிவைத்தார். அந்தத் தொகை கையில் வருவதற்குள் ஜன்னல் அடிக்குக் கிரானைட் என்று செலவாகியும்விட்டது.

மூவாயிரத்துச் சொச்சம் செங்கல் என்று ஒரு கல் பிசகாமல் போட்டவர், அந்த அறைக்குக் கதவு வேண்டும் என்பதை எழுத மறந்திருந்தார்.

இதுவும் பரவாயில்லை. புது வீடு கட்டுகிறவனுக்கு வெறும் மனைதான் எதிரில் இருக்கிறது. இழுத்துக்கட்டுகிறவனுக்கோ இருபத்தைந்து வருட வீடு ஒன்று முதுகுப்பக்கம் நிற்கிறது. கடைக்கால் தோண்டினால் செப்டிக் டேங்கிலிருந்து போகும் குழாய் குறுக்கே வருகிறது. மோட்டார் இடம் மாற வேண்டும், அதன் பின்னாலேயே ஒயரும். பழைய ஜன்னலை உடைத்து வாசலாக்கப்போனால், சுத்தியலடி இந்தப் பக்கம் விழ, பூச்சு அந்தப் பக்கம் ஹாலில் உதிர்கிறது. பழைய தரைக்கும் புதுத் தரைக்கும் இரண்டு இஞ்சு வித்தியாசம். இதில் ஒன்றுக்காவது டைரியில் பத்தி இல்லை.

மேஸ்திரி நல்ல மனிதர். தொகை எதையும் சொல்லி நம்மவரைப் பயமுறுத்த மாட்டார். "சார், ஒண்ணு சொல்லட்டுங்களா?" என்று தலையைச் சொறிவார், அவ்வளவுதான். ஒவ்வொரு சொறிதலும் எட்டாயிரம், பத்தாயிரம்.

"சார், ஒண்ணு சொல்லட்டுங்களா? மிக்ஸரு வாடகை நூத்தைம்பதடிக்கும் ஒண்ணுதான், ஆயிரம் அடிக்கும் ஒண்ணுதான். அப்படியே முன்பக்கம் ஒரு சன்ஷேடு போட்டுட்டா…"

"எவ்வளவு ஆகும்?"

"பாத்துக்கலாம் சார்."

மணலும் இப்படித்தான். எம்-சாண்டை யூனிட் கணக்கில் விற்கிறார்கள், யூனிட் என்றால் நூறு கன அடி. இவருக்குத் தேவை இரண்டரை யூனிட் என்றால் லாரி நாலு யூனிட்டோடுதான் வரும். மிச்சம் தெருவில் கிடந்து, பூனைகளுக்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கும் பயன்பட்டு, ஒரு மழையில் சாக்கடைக்குப் போகும். வீணாகக்கூடாதே என்று அதற்குள் துணி துவைக்க ஒரு மேடை, செடிக்கு ஒரு தொட்டி என்று மனைவி கேட்டு வாங்கிவிடுவது தனி. சித்தாள்களுக்கு டீயும் வடையும் வாங்கிய கணக்கு சமையலறைக் காலண்டரில் இருக்கிறது, அதை அவர் பார்ப்பதில்லை.

இரண்டு லட்சம் என்றைக்குத் தாண்டியது என்று அவரைக் கேட்டால், அப்படியொன்றும் பெரிதாகத் தாண்டவில்லை என்பார். பொய்யில்லை, டைரி அப்படித்தான் சொல்கிறது. நம்மவரின் மேதைமை இங்கேதான் வெளிப்படுகிறது. செலவு எல்லையைத் தொடும்போதெல்லாம் எல்லையைத் திருத்தமாட்டார், செலவை வேறு ஊருக்கு மாற்றிவிடுவார். ஹால் பூச்சும் பெயின்ட்டும் தீபாவளிச் செலவு. மோட்டார் மாற்றியது ரிப்பேர், அது எப்படியும் வந்திருக்கும். செப்டிக் டேங்க் வேலை பொது சுகாதாரம். கதவு பையன் வாங்கிக்கொடுத்தது. பேரனுக்காக மாட்டிய ஏசி, மாட்டியது மட்டும்தான் புது ரூமில், உண்மையில் அது வீட்டுக்குப் பொதுவானது. "இது ரூம் கணக்குல வராது" என்ற ஒரே வாக்கியத்தால் மனிதர் ஒன்றரை லட்சத்தைக் கரையேற்றிவிட்டார்.

மச்சினருடைய 1650-ம் இந்த வழியில்தான் பிறந்திருக்க வேண்டும். இப்போது இவருடைய 1671 எதிர்வீட்டுக்காரர் காதுக்குப் போயிருக்கிறது. அவருக்கும் கொல்லை இருக்கிறது. நேற்றுச் சாயங்காலம் பேப்பரும் பேனாவுமாக வந்து உட்கார்ந்துவிட்டார்.

"மொத்தமே ரெண்டு லட்சம்தானா சார்?"

"ரெண்டு லட்சத்து ஐநூறு" என்றார் நம்மவர். நேர்மையான மனிதர்.

காபி கொண்டுவந்து வைத்த மனைவி உள்ளே திரும்பாமல் நின்றார்.

"ஏங்க, அந்த நகைக்கடன் ரசீது இருக்கே, அது எந்தக் கணக்குல வரும்?"

"அது பேங்க் கணக்கு" என்று சொல்லி, நம்மவர் எதிர்வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார். "சர்க்கரை போதுமான்னு பாருங்க சார்."