நடுவீட்டைத் தேடி வந்த தம்பிக்கு

உக்காரு தம்பி. சேலத்துலேர்ந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வந்திருக்கே. தலைசுத்தல் அடங்கட்டும், கேள்வி அப்புறம். ஏற்காட்டுல ஒரு குடும்பத்தோட இடைநிலை வருமானம் எவ்வளவு, வருஷா வருஷம் அது எப்படி ஏறுச்சு, இதானே உனக்கு வேணும்? ரொம்பச் சுலபம். டேப்பை மடியில வச்சுக்கிட்டுப் பெரியவன் சொல்றதைக் கேளு.

நீ வந்திருக்கிற நேரத்தைப் பாரு. தை மாசம், காலை பதினோரு மணி. ஊரே காப்பிப் பழம் பறிக்கப் போயிருக்கு. மிச்சம் நானும் நாலு கோழியும். சம்பாதிக்கிறவன் வீட்டுல பூட்டு தொங்குது, சம்பாதிக்காத என்கிட்ட வருமானம் கேக்கறே. சேர்வராயன் மலை பூராவும் வெத்திலை போட்டுக்கிட்டு உக்காந்திருக்குன்னுதான் உன் அறிக்கை சொல்லும். சாயங்காலம் வந்தா ஆள் இருக்கும். அப்பவும் மாசத்தைப் பாரு. தையில பறிப்புக் கூலி கையில இருக்கும். மே மாசம் கோடை விழாவுக்குக் கடை போட்டவன் சிரிப்பான். ஆவணியில கடன் நோட்டுதான் இருக்கும். ஒரு வருஷம் மேயில கேட்டு, அடுத்த வருஷம் ஆவணியில கேட்டு, மலை ஏழையாயிடுச்சுன்னு எழுதிடாதே சாமி.

சராசரியை விட்டுட்டு நடுவீட்டைத் தேடறியே, அது புத்தி. எஸ்டேட் பங்களாக்காரர் ரெண்டு பேரை எங்களோட சேர்த்துக் கூட்டி வகுத்தா நானும் லட்சாதிபதிதான். நூறு வீட்டை வரிசையா நிறுத்தி நடுவுல நிக்கிறவனைப் பிடிக்கிறதுதான் சரி. ஆனா வரிசையில யாரு யாரு? பங்களாக்காரர் குடியிருக்கறது சென்னையில. கூலிக்குத் திருப்பூர் போனவன் பொங்கலுக்குத்தான் தலைகாட்டறான். கூட்டுக் குடும்பம் மூணாப் பிரிஞ்சா, ஒரு ரூபா குறையாமலே நடுவீடு இறங்கிடும்.

2011-ல சமூகப் பொருளாதார, சாதிக் கணக்கெடுப்பு நடந்துச்சு. வீட்டுல அதிகமாச் சம்பாதிக்கிற ஒருத்தரோட மாச வருமானம் 5,000-க்குக் கீழயா, 10,000 வரைக்குமா, அதுக்கும் மேலயான்னு மூணே கட்டம். நாட்டுல கிராமத்து வீடு நாலுல கிட்டத்தட்ட மூணு முதல் கட்டத்துலயே விழுந்துச்சு. நடுவீடும் அதுக்குள்ளதான், எந்த மூலையில்னு கட்டம் சொல்லாது. எங்க வீட்டுல மகன், மருமக, பேரன் மூணு பேரும் கூலிக்குப் போறாங்க. அதுல ரெண்டு பேர் அந்தக் கணக்குல பிறக்கவே இல்லை.

புள்ளியியல் படிக்கிற என் பேத்தி ஒண்ணு சொன்னா. தேசிய மாதிரி ஆய்வுக்காரங்க அம்பது, அறுபதுகள்லயே வருமானம் கேட்டுப் பார்த்தாங்களாம். செலவையும் சேமிப்பையும் கூட்டினா, சொன்ன வருமானத்தைத் தாண்டிடுச்சாம். வந்ததுக்கு மேல செலவழிச்சு, அதுக்கு மேல சேமிச்சும் வச்சிருக்கான் நம்மாளு! 2025-ல மறுபடி வருமான ஆய்வுக்கு ஒத்திகை பார்த்தப்ப, 95 சதவீதம் பேர் இது வெளியில சொல்ற சங்கதி இல்லைன்னுட்டாங்களாம். அதனால வருமானத்தை மட்டும் கேக்காதே. என்ன வாங்கினே, நகை எந்த மாசம் அடகுக்குப் போச்சு, எப்ப மீட்டேன்னு கேளு. பொய் சொல்லக் கூச்சப்படுவாங்க.

ஏறுச்சா இறங்குச்சான்னு பாக்கணும்னா, கேட்ட வீட்டுக்கே திரும்பப் போ. இந்திய மனித மேம்பாட்டு ஆய்வுக்காரங்க அப்படித்தான் 2004-05-ல 41,554 வீட்டுல கேட்டுட்டு, 2011-12-ல அதுல பெரும்பாலான வீட்டுக் கதவை மறுபடி தட்டினாங்க. விலைவாசியையும் கழிச்சுக்க. நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டுல 2006-ல 80 ரூபா, 2025-ல 336. நாலு மடங்குன்னு மீசையை முறுக்காதே, அரிசி, எண்ணெய் விலையும் கூடவே ஏறி வந்திருக்கு. விவசாயத் தொழிலாளர் விலைக் குறியீட்டைச் சிம்லாவுல போடறாங்க. ஒரு மலையில உக்காந்து இன்னொரு மலைக்குக் கணக்கு! அதுவும் தமிழ்நாடு முழுசுக்கும் ஒரே எண். இந்த மலையில இருக்கற நாகலூருக்குத் தக்காளி ஏத்தி வந்த வண்டி வாடகை அதுல எங்கே தெரியப்போகுது?

இவ்வளவு அலைச்சல் எதுக்கு, வருமானச் சான்றிதழைக் கூட்டிப் போடலாமேன்னு யோசிக்கறே, உன் முழியே சொல்லுது. போடு, தாராளமாப் போடு. முதலமைச்சர் காப்பீட்டு அட்டைக்கு வருஷ வருமான வரம்பு 72,000-ஆ இருந்துச்சு, அப்புறம் 1,20,000 ஆச்சு. வரம்பு எங்கேயோ அதுக்கு ஒரு படி கீழதான் எல்லாரும் நிப்போம். மலை சீக்கிரமா முன்னேறணும்னா மேலிடத்துல சொல்லி வரம்பை இன்னும் கொஞ்சம் ஏத்தச் சொல்லு கண்ணு. எங்க வருமானம் தானா ஏறும்.