வெள்ளை எங்கே நிற்கும்?

கேள்வி: பூல் கற்க ஆரம்பித்திருக்கிறேன். துணிந்து அடிக்கும் ஷாட்டுகளை முதலில் பழகட்டுமா, எதிராளிக்கு நல்ல ஷாட் கிடைக்காதபடி ஆடும் சேஃப்டியையா? (கல்லூரி மாணவி, திருச்சி)

பதில்: இரண்டுக்கும் பாடம் ஒன்றுதான். அடித்த பிறகு வெள்ளைப் பந்து எங்கே போய் நிற்கும் என்று அடிக்கும் முன்பே சொல்லத் தெரிந்தவருக்கு இரண்டும் வரும். தெரியாதவருக்கு இரண்டும் வராது.

கேள்வி: வெள்ளை உருண்டு வந்து மோதும் ஃபாலோ ஷாட்டில் அது எந்தப் பக்கம் விலகும் என்று கணிக்க வழி உண்டா? எல்லாம் குத்துமதிப்புதானா? (வங்கி ஊழியர், கோவை)

பதில்: உண்டு. அதுவும் உங்கள் கையிலேயே இருக்கிறது. புயல் சுழல்வதை விளக்கும்போது 'கொரியோலிஸ் விசை' என்பார்களே, அந்தக் கொரியோலிஸ் 1835-இல் பில்லியர்ட்ஸ் பந்துகளின் ஓட்டத்துக்கென்றே ஒரு கணித நூல் எழுதினார். அந்த வழிக் கணக்கிலிருந்து ஆடுபவருக்குக் கிடைக்கும் பலன் இது: மோதும் நேரத்தில் வெள்ளை வழுக்காமல் உருண்டு வந்தால், இலக்குப் பந்தின் கால்பங்கில் பட்டாலும் முக்கால்பங்கில் பட்டாலும், தான் வந்த பாதையிலிருந்து ஏறத்தாழ 30 டிகிரி விலகும். சரிபாதியில் பட்டால் 34 டிகிரி வரை போகும். கால், முக்கால் ஓரங்களில் 27-க்குப் பக்கம். வித்தியாசம் அவ்வளவுதான்.

இதை விரல்களால் அளக்கும் முறையைப் பரப்பியவர் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகப் பேராசிரியர் டேவிட் ஆல்சியடோர். ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் வெற்றிச் சின்னம் காட்டுவதுபோல் நன்றாக விரியுங்கள். இடைக்கோணம் சுமார் 30 டிகிரி. வெள்ளை வந்து மோதும் இடத்துக்கு மேலே கையைப் பிடித்து, ஒரு விரலை அடிக்கும் திசையில் வையுங்கள். மற்ற விரல் காட்டுவதுதான் வெள்ளை போகும் வழி. அந்த வழியில் பாக்கெட் இருந்தால் அடிக்காதீர்கள். ஜெயிக்க வேண்டிய பந்து இருந்தால் தயங்காதீர்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். ஏறக்குறைய நேராகப் பட்டாலோ, மெலிதாக உரசினாலோ இந்தக் கணக்கு செல்லாது, விலகல் குறைந்துவிடும். ஓங்கி அடித்தால் வெள்ளை முதலில் பக்கவாட்டில் ஓடி, பிறகே வளைந்து அந்தத் திசைக்குத் திரும்பும். பழகும் காலத்தில் மெதுவாக அடியுங்கள்.

கேள்வி: உருண்டு வர வேண்டும் என்கிறீர்கள். கியூவை எங்கே குத்துவது?

பதில்: பந்தின் உயரத்தில் பத்தில் ஏழு பங்கில். பூல் பந்தின் விட்டம் 57.15 மி.மீ. ஆகவே மேசையிலிருந்து சுமார் 40 மி.மீ. உயரத்தில் குத்தினால் கியூவை விட்டுப் புறப்படும்போதே பந்து உருளும். அதற்கும் மேலே போனால் முனை நழுவும் அபாயம் கூடும். சாக் பூசாமல் மேலே குத்தவே குத்தாதீர்கள்.

கேள்வி: கேரம் ஷாட்டுக்கு ஃபாலோ நல்லதா, ஸ்டன் நல்லதா? (மென்பொருள் பொறியாளர், சென்னை)

பதில்: கேரம் என்றால் வெள்ளை முதல் பந்தில் மோதி விலகி, இரண்டாவது பந்தையும் போய்த் தொடுவது. அந்த இரண்டாவது பந்து எங்கே இருக்கிறதோ அதுதான் முடிவு செய்யும். சுழற்சி ஏதுமின்றி வழுக்கி வந்து மோதும் வெள்ளை, இலக்குப் பந்து போகும் திசைக்குச் செங்குத்தாகப் பிரியும். இதுதான் ஸ்டன். உருண்டு வந்து மோதினால் மேலே சொன்ன 30 டிகிரி. ஆக, ஒரே மோதலிலிருந்து உங்களுக்கு இரண்டு நம்பகமான பாதைகள் கிடைக்கின்றன. நைன் பால் ஆட்டத்தில், போட்டால் வெற்றி தரும் 9-ஆம் பந்து எந்தப் பாதையில் நிற்கிறது என்று முதலில் பாருங்கள். இரண்டிலும் இல்லையென்றால், நடுவில் ஏதோ ஒரு சுழற்சி கொடுத்துத் தொட்டுவிடலாம் என்ற ஆசையை விட்டுவிடுங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கேரமைப் பலர் சர்க்கஸ் வித்தை என்று ஒதுக்குகிறார்கள். பாக்கெட் வாயில் தொங்கிக்கொண்டிருக்கும் பந்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் இடப்பக்கம் உரசினாலும் வலப்பக்கம் உரசினாலும் பெரும்பாலும் விழுந்துவிடும். அதாவது உங்கள் இலக்கின் அகலம் இரண்டு பந்து, 114 மி.மீ. மூலைப் பாக்கெட்டின் வாயும் ஏறத்தாழ அதே அகலம்தான். ஆனால் அதற்குள் ஒரு முழுப்பந்து நுழைய வேண்டும் என்பதால், பிசகுக்கு மிஞ்சும் இடம் ஒரு பந்து அளவே. நீளமான, மெலிதான கட் ஷாட்டை விடப் பக்கத்திலிருக்கும் கேரம் பல நேரம் சுலபம்.

கேள்வி: 9-ஐக் கேரமில் போட்டு ஜெயித்தால் 'அதிர்ஷ்டம்' என்கிறார்களே?

பதில்: மேசையில் இருப்பதில் குறைந்த எண் பந்தை முதலில் தொட்டீர்களா? அப்படியானால் விதிப்படி வெற்றி. விரலால் அளந்து அடித்திருந்தால் திறமைப்படியும் வெற்றி.

கேள்வி: சின்ன வயதிலிருந்து கேரம் போர்டு ஆடியிருக்கிறேன். பூலில் கை கொடுக்குமா? (மதுரை)

பதில்: கண் கொடுக்கும், கோணம் கொடுக்காது. கேரம் காய் வழுக்கும், உருளாது. ஆகவே அங்கே ஃபாலோ என்ற ஒன்றே கிடையாது. ஸ்ட்ரைக்கர் 15 கிராம் வரை இருக்கலாம், காய் ஐந்தரை கிராமைத் தாண்டாது. கனமான ஸ்ட்ரைக்கர் மோதிய பிறகும் முன்னோக்கியே போகும். பூலில் இரண்டு பந்தும் ஒரே எடை. அதனால்தான் அந்தச் செங்குத்துப் பிரிவு. எங்கே தொட்டால் காய் எங்கே போகும் என்று பார்க்கும் உங்கள் பழக்கம் அப்படியே உதவும். வெள்ளையின் பாதையை மட்டும் புதிதாகக் கற்றுக்கொள்ளுங்கள்.

கேள்வி: சேஃப்டி ஆடுவது கோழைத்தனம் என்று நண்பர் கேலி செய்கிறார்.

பதில்: அவரிடம் இர்விங் கிரேனைப் பற்றிச் சொல்லுங்கள். எச்சரிக்கையான ஆட்டத்துக்குப் பேர்போன அமெரிக்கர். 1966 அமெரிக்க ஓபன் இறுதி ஆட்டத்தில் ஜோ பால்சிஸுக்கு எதிராக, கிடைத்த வாய்ப்பில் தொடர்ந்து 150 பந்துகளைப் போட்டு ஆட்டத்தை முடித்தார். காத்திருக்கத் தெரிந்தவர் பாயவும் தெரிந்தவராக இருந்தார்.

ஸ்னூக்கரையும் பாருங்கள். 1875-இல் ஜபல்பூரில் நெவில் சேம்பர்லின் என்ற ராணுவ அதிகாரி தொடங்கிய ஆட்டம் அது. அதன் விதிகள் 1882-இல் நம் ஊட்டி கிளப்பில் எழுதி மாட்டப்பட்டன. எதிராளிக்குப் பந்து தெரியாமல் மறைப்பது அந்த ஆட்டத்தின் உயிர். அங்கே யாரும் அதைக் கோழைத்தனம் என்பதில்லை.

கேள்வி: சரி, எப்போது அடிப்பது, எப்போது ஒதுங்குவது? (ஆசிரியர், சேலம்)

பதில்: 'விழுமா?' என்று கேட்காதீர்கள். 'விழாவிட்டால் அடுத்தவருக்கு என்ன கிடைக்கும்?' என்று கேளுங்கள்.

எய்ட் பாலில் எதிராளிக்கு ஒரே பந்தும் 8-ம்தான் பாக்கி, உங்களுக்கு ஐந்து பாக்கி என்று வையுங்கள். பாதி வாய்ப்புள்ள ஷாட்டை அடித்துத் தவறினால் ஆட்டம் அங்கேயே முடியும். மறைத்து வையுங்கள். அவர் ஃபவுல் செய்தால் வெள்ளையைக் கையில் எடுத்து விரும்பிய இடத்தில் வைக்கலாம். அந்த ஒரு உரிமை மூன்று நல்ல ஷாட்டுகளுக்குச் சமம். மாறாக, அவருடைய ஏழு பந்துகளும் கும்பலாக முட்டிக்கொண்டிருக்கும்போது நீங்கள் தவறினாலும் அவரால் துடைத்தெடுக்க முடியாது. அப்போது ஒதுங்கினால் நல்ல வாய்ப்பு வீண்.

எனக்கு மிகப் பிடித்தது மூன்றாவது வழி. கேரமை முயலும்போதே, தவறினால் வெள்ளை இன்னொரு பந்தின் பின்னால் போய் ஒளியும் வேகத்தில் அடிப்பது. விழுந்தால் வெற்றி, விழாவிட்டால் சேஃப்டி. தேர்ந்தவர்களின் ஆட்டத்தில் நாம் துணிச்சல் என்று கைதட்டுபவற்றில் பல இந்த வகைதான். இதற்கு வேகக் கட்டுப்பாடு வேண்டும். ஆகவேதான் ஓங்கி அடிப்பதை நான் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை.

கேள்வி: சேஃப்டியில் புதியவர்கள் எங்கே கோட்டை விடுகிறார்கள்?

பதில்: இரண்டு பந்துகளையும் ஒரே சமயத்தில் அடக்கப் பார்ப்பதில். ஒன்றைப் பிடித்தால் போதும். நேராக ஸ்டன் அடித்து வெள்ளையைத் தடுப்புப் பந்தின் பின்னால் நிறுத்துங்கள். மற்றது தூரமாக ஓடட்டும். மறைத்தாயிற்று என்று நிம்மதியாகவும் உட்காராதீர்கள். 1995-இல் அமெரிக்காவின் ரீனோவில் நடந்த பூல் போட்டியில் எர்ல் ஸ்ட்ரிக்லேண்ட் மறைத்து வைத்த பந்தை, பிலிப்பைன்ஸின் எஃப்ரன் ரேயஸ் வெள்ளையை இரண்டு குஷன்களில் தட்டி வரவைத்துப் பாக்கெட்டில் போட்டார்.

கேள்வி: வீட்டில் மேசை இல்லை. பார்லரில் ஒரு மணி நேரம்தான் கிடைக்கும். என்ன பழகட்டும்?

பதில்: முதல் இருபது நிமிடம் பாக்கெட்டையே மறந்துவிடுங்கள். ஒரு பந்தை நடுமேசையில் வைத்துச் சரிபாதியில் மெதுவாக மோதுங்கள். வெள்ளை எந்தக் குஷனில் படும் என்று அடிக்கும் முன்பே விரலால் காட்டிவிட்டு அடியுங்கள். பிறகு அதே மோதலை ஸ்டன்னில் செய்யுங்கள். மீதி நேரம் நண்பருடன் ஆட்டம்.

அடுத்த இதழுக்குக் கேள்வி அனுப்புவோர் பந்துகள் நின்ற இடத்தை ஒரு தாளில் வரைந்து, வெள்ளையை வட்டமிட்டு அனுப்புங்கள். படம் இருந்தால்தான் அடிக்கலாமா, ஒதுங்கலாமா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியும்.