எங்கள் குடும்ப ஜாடை

வெளிச்சம் கூடக் கூடப் படம் நன்றாக வரும் என்று நம்புகிறவர்கள், சித்திரை உச்சிவெயிலில் அடுத்தவர் முகத்தை உற்றுப் பார்த்திருக்க மாட்டார்கள். கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கரும்பள்ளம். மூக்குக்குக் கீழே நிழலால் ஆன ஹிட்லர் மீசை. பெண்களுக்கும் உண்டு.

பெரியப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம் திருக்கடையூரில், சித்திரை முதல் வாரத்தில் நடந்தது. சூரியன் அந்த ஊருக்கு நேர் உச்சியில் வந்து நிற்பதும் அதே வாரத்தில்தான். ஹோமம், கலசாபிஷேகம், பந்தி எல்லாம் முடிந்து, "எல்லாரும் வாங்க, போட்டோ!" என்று குரல் எழுந்தபோது மணி 12ஐத் தாண்டியிருந்தது. அவரவர் நிழல் அவரவர் காலடியில் பதுங்கியிருந்தது.

கேமரா என்னிடம். "தாழ்வாரத்துல நின்னுக்கலாம் பெரியப்பா. மேலே கூரை, எதிரே திறந்த வெளி. வெளிச்சம் பதமா முகத்துல விழும்" என்றேன்.

"இவ்வளவு வெயில் சும்மா கிடக்கு, இருட்டுல கொண்டுபோய் நிறுத்தறியே! வெயில் உன் முதுகுல அடிக்கணும், எங்க மூஞ்சில விழணும். அதுதான் போட்டோ."

அதில் ஒரு காலத்து நியாயம் உண்டு. இளவயதில் அவர் வைத்திருந்தது அக்ஃபா கிளிக் 3. சுருளுக்கு 12 படம். வெளிச்சத்துக்கு ஏற்ப மாற்ற அதில் இருந்ததெல்லாம் ஒரு சூரியன் குறியும் ஒரு மேகக் குறியும்தான். அந்தக் கால ஃபிலிமுக்கு வெயிலே கதி. அவர் எடுத்த தாத்தா படம் இன்றும் கூடத்தில் தொங்குகிறது: கண் இரண்டும் கோடு, புருவம் நெரிந்து, மேலுதடு ஏறி, பல் தெரிகிறது. கோபமா சிரிப்பா என்று பாட்டிக்கே கடைசிவரை பிடிபடவில்லை.

ஆகவே வெயிலில் நின்றோம். ஐஎஸ்ஓ 100, எஃப் 16, ஷட்டர் 1/100 நொடி என்பது வெயிலுக்கான பழைய வாய்ப்பாடு. ஆனால் எங்கள் வீட்டு ஆண்கள் எல்லோரும் வெள்ளை வேட்டி. வேட்டிக்கு அளந்தால் முகங்கள் கரிக்கட்டை. முகத்துக்கு அளந்தால் வேட்டிகள் வெளுத்து மறைந்து, ஆண்கள் அத்தனை பேரும் இடுப்போடு முடிந்துவிடுகிறார்கள். கண்ணடி நிழலை நிரப்ப ஃபிளாஷைப் பொருத்தினேன். "பட்டப்பகல்ல ஃபிளாஷ் அடிக்கிறான் பாரு" என்றார் சித்தப்பா. சரி என்று, மச்சானிடம் ஒரு வெள்ளை வேட்டியைக் கொடுத்து வெளிச்சத்தைக் கீழிருந்து திருப்பச் சொன்னேன். அரைக்கண் திறந்திருந்தவர்களும் அதோடு முழுக்க மூடிக்கொண்டார்கள்.

"அப்படியே மூடிக்கிட்டே இருங்க. மூணு சொன்னதும் திறங்க" என்றேன். மூன்று சொன்னேன். திறந்த கண்கள் நான் அமுக்குவதற்குள் மூடின. "மூணு சொல்லிட்டியாப்பா?" என்று கண்ணைத் திறக்காமலே கேட்டாள் அத்தை.

பிறகு மோர் குடிக்கிற சாக்கில் எல்லோரையும் தாழ்வாரத்துக்கு இழுத்து ஒன்று எடுத்தேன். பெரியம்மா முகத்தில் மஞ்சளின் நிறம், குழந்தைகளின் கண்ணில் வாசலின் வெளிச்சம், எல்லாம் வந்திருந்தது. இரண்டையும் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன்.

சட்டம் போட்டு மாட்டப்பட்டது வெயில் படம். காரணத்தை அத்தையே சொன்னாள்: "இதுலதான்டா எல்லாருக்கும் எங்க அப்பா ஜாடை அப்படியே வந்திருக்கு. மருமகளுங்களுக்குக்கூட!"